இயங்கினால் மட்டும் போதுமா?

2023 ஓகஸ்ட் இறுதியில் 'லங்கா கவர்ன்மென்ற் கிளவுட்' எனப்படும் அரச கணினிக் கட்டமைப்பு, கப்பம் கோரும் நச்சுநிரலுக்கு இலக்காகியது. 12 மணித்தியாலங்களுக்குள் சேவை மீண்டது. ஆனால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பிலிருந்த சேமப் பிரதியும் உடன் பூட்டப்பட்டமையே இதற்குக் காரணம்.

பெரிய தரவுத்தளங்கள் தடையின்றி இயங்குவதற்காக, ஒன்றின் பதிவை மற்றொன்று உடனுக்குடன் பிரதிசெய்யும் இரட்டை வழங்கிகள் அமைக்கப்படுகின்றன. ஒன்று பழுதடைந்தால் மற்றையது பணியை ஏற்கும். ஆயினும், தவறான அழிப்பும் அதே வேகத்தில் இரண்டாவதைச் சென்றடையும். ஆகவே இரட்டை வழங்கி சேமப் பிரதிக்கு ஈடாகாது. வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட பிரதியொன்று வேறோர் ஊரில் இருத்தல் அவசியம்.

தொழில்நுட்பத்தில் முன்னணியிலுள்ள தென்கொரியாவும் இதில் தவறியது. 2025 செப்டெம்பரில் தெஜொன் அரச தரவு நிலையத்தில் மூண்ட தீயில், அரச ஊழியர்களின் 858 தெராபைற் கோப்புகள் அழிந்தன. கொள்ளளவு பெரிதென்பதால் அவற்றுக்கு வெளிப் பிரதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

இப்பாடம் நமக்குப் புதிதன்று. 1842இல் மானிப்பாயில் அச்சேறிய அகராதி, பல கைகளுக்குப் பரவியமையால் இன்றும் வாழ்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஒற்றைச் சுவடிகள் மீளவேயில்லை.

காணி, பிறப்புப் பதிவுகள் கணினிக்கு மாறிவரும் இன்று, மக்கள் இரு வினாக்களை எழுப்ப வேண்டும். துண்டிக்கப்பட்ட பிரதி வேறிடத்தில் உள்ளதா? அதிலிருந்து இறுதியாக எப்போது மீட்டுப் பார்க்கப்பட்டது? 'வழங்கி இயங்குகிறது' என்ற பதில் இவ்வினாக்களுக்கு விடையாகாது.