ஆடுகளின் பக்கம்

ஹெச்.ஜி.வெல்ஸ் 1913ஆம் ஆண்டு 'லிட்டில் வார்ஸ்' என்றொரு நூல் எழுதினார். ஈயச் சிப்பாய்களையும் மரத்துண்டு சுடும் பொம்மைப் பீரங்கிகளையும் தரையில் பரப்பிப் போர் ஆடுவதற்கான விதிகள் அதில் உள்ளன. மூன்று நான்கு முறை ஆடினாலே மெய்ப்போரின் மூடத்தனம் விளங்கிவிடும் என்று அவர் நம்பினார். மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. இன்று பொழுதுபோக்காளர்களின் மேசைகளில் உலகப்போர்களின் டாங்கிகள் சிற்றுருவில் அணிவகுக்கின்றன.

அவற்றை உருவாக்குவோரின் உழைப்பையும் வரலாற்று வாசிப்பையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அம்மேசைகளில் பெரும்பாலும் வீடுகள் இருக்கின்றன, குடியிருப்போர் இல்லை. 2009இல் வன்னிச் செய்திகளை நாள்தோறும் வாசித்த நமக்கு அந்த வெற்று வீடுகள் உறுத்துகின்றன.

விளாங்குடித் திண்ணையில் கரிக்கோடு கிழித்து நாம் ஆடியதும் ஒருவகைப் போர்தான். 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாவி வெட்டலாம். ஆட்டுக்கு அந்த உரிமை கிடையாது. இடைவெளி விடாமல் நின்று புலிகளை நகரவிடாமல் அடைப்பதே ஆடுகளின் வெற்றி. ஆயுதமற்றவரின் பக்கம் அமர்ந்தும் போரைப் பார்க்க அந்தத் திண்ணை நமக்குக் கற்றுத்தந்தது. சிற்றுருவ டாங்கி வாங்கித்தரும் பெற்றோர், பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தையும் ஒருமுறை சொல்லித்தரலாம்.