ஆயில் சூடானால் இன்ஜின் இறக்க வேண்டுமா?

கேள்வி: 15 வருடம் ஓடிய ஏர்கூல் டிராக்டர் ஒன்றை இந்தத் தை மாதம் வாங்கினேன். அரை நாள் ரோட்டவேட்டர் ஓட்டினால் அடியில் ஆயில் சம்ப் மேல் கை வைக்க முடியவில்லை. எங்கள் ஊர் மெக்கானிக், "ஆயில் இப்படிக் கொதித்தால் போர் தேய்ந்துவிட்டது, இன்ஜின் இறக்க வேண்டும், 40 ஆயிரம் ஆகும்" என்கிறார். கோவையில் பழைய கார்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் இருக்கும் என் மகனோ, "போர்ஷே காரில் ஆயில் 100 டிகிரியில் ஓடுவதுதான் சரியே, பயப்படாதே" என்கிறான். வீட்டில் நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார்கள். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நகை இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவும் முடியாது.

முதலில் அந்தக் காரைப் பற்றி. போர்ஷே 911 என்ற ஜெர்மன் கார் 1964 முதல் 1998 வரை காற்றில் குளிரும் இன்ஜினோடு வந்தது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரும் கிடையாது. விசிறிக் காற்று சிலிண்டரைக் குளிர்விக்கும். மீதிச் சூட்டை ஆயில்தான் சுமக்க வேண்டும். அதனால்தான் நம் டிராக்டரைப் போலப் பல மடங்கு வேகத்தில் சுற்றும் அந்த இன்ஜினுக்குத் தனித் தொட்டி வைத்துச் சுமார் 10 லிட்டர் ஆயில் ஊற்றுகிறார்கள். ஓட்டுபவர் பார்ப்பதும் தண்ணீர்ச் சூட்டை அல்ல, ஆயில் சூட்டைக் காட்டும் முள்ளை. 80 முதல் 110 டிகிரி வரை இருந்தால் அவர் கவலைப்படுவதில்லை. வெயிலில் விரட்டி ஓட்டும்போது 120 வரை போவதும் உண்டு. முன்பக்கம் தனி ஆயில் கூலர் உள்ள மாடல்களில், ஆயில் 85 டிகிரியை நெருங்கும்வரை அந்தக் கூலருக்குப் போகாமல் தடுக்கவே ஒரு தெர்மோஸ்டாட் வைத்திருக்கிறார்கள்.

சூடேற்றுவதற்கு ஏன் இத்தனை ஏற்பாடு என்று கேட்பீர்கள். டீசலோ பெட்ரோலோ எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் கொஞ்சம் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். தினமும் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், உட்புறம் மோர் திரண்டதுபோல் வெள்ளையாக ஒட்டியிருக்கும். ஆறிய ஆயிலும் இன்ஜினுக்குக் கேடுதான்.

இந்தக் கணக்கு உங்கள் டிராக்டருக்கும் ஏறக்குறையப் பொருந்தும். இது வியப்பல்ல, போர்ஷே பெயரிலேயே ஏர்கூல் டீசல் டிராக்டர்கள் 1956 முதல் 1963 வரை ஜெர்மனியில் தயாராகி, அங்குள்ள சிறு விவசாயிகள் உழுதிருக்கிறார்கள்.

இனி கை வைத்துப் பார்க்கும் விஷயம். 60 டிகிரியிலேயே நம் கை சில நொடிகூடத் தாங்காது. 70-க்கும் 130-க்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே "தொட முடியவில்லை" என்பதை வைத்து இன்ஜின் இறக்குவது தப்பு. துப்பாக்கி மாதிரியான வெப்பமானி ஒன்றைப் பட்டறையிலோ எலக்ட்ரீஷியனிடமோ கேட்டு வாங்குங்கள். (கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது உடம்புச் சூட்டைத் தாண்டிக் காட்டாது, உதவாது.) ஒரு மணி நேரம் உழுதபின் சம்ப்பின் அடியில் அளந்து பாருங்கள். உள்ளே ஆயில் அந்த எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். 80, 90, 100 என்று வந்தால் நிம்மதியாக ஓட்டுங்கள். 120-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 130-க்கு மேல் என்றால் வேலையை நிறுத்துங்கள்.

ஆயில் சூடேற ஏற நீர்த்துவிடும். சாதாரண டீசல் இன்ஜின் ஆயில் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏழெட்டு மடங்கு நீர்ப்பு. அதற்குமேல் போனால் பேரிங்கில் படலம் நிற்காது, ஆயிலும் சீக்கிரம் கருகிக் கெடும்.

காரணம் தேடும்போது என் அனுபவத்தில் பத்துக்கு ஏழு டிராக்டரில் குற்றவாளி வைக்கோல் தூசுதான். கதிரடிப்புக்குப் போய்வந்த வண்டியில் சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்ஸ் இடுக்கில் பதரும் தூசும் ஆயில் கசிவோடு சேர்ந்து அடைபோல் அப்பிக்கொள்ளும். கம்ப்ரசர் காற்றடித்து எடுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் தண்ணீர் பீய்ச்சாதீர்கள், வார்ப்பிரும்பு வெடித்துவிடும். சிலர் "காற்று நன்றாகப் படட்டும்" என்று தகரக் கவசத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அந்தக் கவசம்தான் விசிறிக் காற்றை ஃபின்ஸ் நடுவே தள்ளுகிறது. அது இல்லாவிட்டால் காற்று பக்கவாட்டில் போய்விடும். பழைய வண்டி என்பதால் முன்னால் வைத்திருந்தவர் கழற்றியிருக்கலாம், பாருங்கள். விசிறி பெல்ட்டில் ஓடினால் அது தளர்ந்திருக்கிறதா என்றும், ஆயில் அளவு குறைவா, கையேட்டில் உள்ள தரம்தானா என்றும் பார்த்துவிடுங்கள். கரும்புகை வந்தால் டீசல் பம்ப்பையும் நாசிலையும் சோதிக்க வேண்டும்.

மெக்கானிக்கை ஒதுக்கிவிடவும் சொல்லவில்லை. ஆயில் மாற்றியதிலிருந்து அளவு சட்டெனக் குறைகிறதா? நீலப்புகை வருகிறதா? பிரீதர் குழாயில் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா? இவை இருந்தால் அவர் சொன்ன போர் தேய்மானம் உண்மை. கம்ப்ரஷன் பார்த்துவிட்டு இறக்கலாம். இதில் ஒன்றும் இல்லாமல் சூடு மட்டும்தான் என்றால், இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள்.

ஃபின்ஸ் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே வயலில், ஒரே கியரில் அளந்த எண்ணை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் மேற்கொண்டு பார்ப்போம்.