மூடிய சிப்பியை விலை பேசலாமா? – ‘எல்லாம் இலவசம்’ என்னும் பெட்டிகள் குறித்து

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



இறைச்சி வாங்கும்போது அறுத்தவர் யார், எப்படி அறுத்தார் என்று விசாரிக்கிறோம். பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறத்தைத் திருப்பி, சேர்மானங்களில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் படிக்கிறோம். இந்தப் பேணுதல் பாராட்டுக்குரியது. ஆனால் நம் வீட்டுத் தொலைக்காட்சியின் பின்புறத்தில் செருகப்படும் சிறு பெட்டியைப் பற்றி மட்டும் நாம் எவரிடமும் எதுவும் கேட்பதில்லை. “ஒருமுறை பணம் கட்டினால் போதும், எல்லாச் சேனலும் எல்லாப் படமும் ஆயுள் முழுக்க இலவசம்” என்று விற்பவர் சொன்னதும் வாங்கி மாட்டிவிடுகிறோம். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் சகோதரர்கள் பேரீச்சம்பழத்தோடும் அத்தரோடும் இதையும் அன்பளிப்பாகக் கொண்டுவருகிறார்கள். முத்தையாபுரத்திலிருந்து காயல்பட்டினம், கீழக்கரை வரை இந்தப் பெட்டி இன்று புதிதல்ல.

இந்த வியாபாரம் மார்க்கத்தின் அளவுகோலில் நிற்காது என்பதே நம் நிலைப்பாடு. தொலைக்காட்சியே கூடாது என்று இங்கே நாம் வாதிக்கவில்லை. அது வேறு பேச்சு. தொலைக்காட்சி வைத்திருக்கும் குடும்பம் இப்படியொரு பெட்டியை வாங்கலாமா என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

சிப்பி ஏலமும் நம் பெட்டியும்

தூத்துக்குடிக் கடற்கரைக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று. பரதவரும் முஸ்லிம்களும் மூழ்கி முத்துச் சிப்பி எடுத்த கடல் இது. 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன அந்தச் சலாபங்களில், கரைக்கு வந்த சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஆயிரக்கணக்கில் எண்ணி ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து இருக்குமா, வெறும் சதைதான் இருக்குமா என்பது வாங்கியவனுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. ஒரே நாளில் செல்வந்தரானவரும் உண்டு, கைமுதலைத் தொலைத்தவரும் உண்டு.

முத்துக்குளிப்பவன் ‘ஒரு மூழ்கலில்’ எடுத்து வரப்போவதை முன்கூட்டியே விலை பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியிருந்தாலும், அதன் அடிப்படையான ‘கரர்’, அதாவது மறைவும் ஐயமும் நிறைந்த வியாபாரத்துக்கான தடை, ஸஹீஹ் முஸ்லிமில் உறுதியாக இடம்பெற்றுள்ளது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்குப் பணம் கொடுக்காதே என்பதே அதன் சாரம்.

நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூலாகிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’, விற்கப்படும் பொருளுக்கு ஐந்து நிபந்தனைகளைக் கூறுகிறது. அது தூய்மையானதாக இருக்க வேண்டும். பயனுள்ளதாக இருக்க வேண்டும். ஒப்படைக்க இயல்வதாக இருக்க வேண்டும். விற்பவருக்கு அதன்மீது உரிமையோ அதிகாரமோ இருக்க வேண்டும். இரு தரப்பாருக்கும் அது அறியப்பட்டதாக இருக்க வேண்டும். ‘எல்லாம் இலவசம்’ பெட்டியை இந்த ஐந்தில் கடைசி மூன்றோடு மட்டும் உரசிப் பார்ப்போம்.

விற்பவருக்கு உரிமை உண்டா?

வெறும் பெட்டியின் விலையை மட்டும் கொடுத்து நாம் அதை வாங்குவதில்லை. அதில் ஏற்றப்பட்டிருக்கும் செயலிகள் வழியே கிடைக்கும் கிரிக்கெட்டுக்கும் படங்களுக்கும் கட்டணச் சேனல்களுக்கும் சேர்த்தே விலை பேசப்படுகிறது. இல்லையேல் பெயர் தெரியாத நிறுவனத்தின் பெட்டியை நாம் ஏன் தேடிப் போகிறோம்? அந்தச் சேனல்களை விற்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்? எவரும் கொடுக்கவில்லை. ஆகவே நான்காம் நிபந்தனை முறிகிறது. அந்தச் சேனல்கள் ஒருநாள் அடைக்கப்பட்டால் திறந்து தர அவரால் இயலாது. ‘ஆயுள் முழுக்க’ என்ற வாக்குறுதி யாருடைய ஆயுளைக் குறிக்கிறது என்றுகூடச் சொல்ல அவரால் முடியாது. ஆகவே மூன்றாம் நிபந்தனையும் முறிகிறது.

“படைப்பின்மீதான உரிமை மேற்கத்தியர் கண்டுபிடித்தது, ஷரீஅத்தில் அப்படி ஒன்று கிடையாது” என்று சிலர் வாதிடுகின்றனர். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி இதை ஆய்ந்தது. வணிகப் பெயர், நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை ஆகியவை உரியவர்களுக்குச் சொந்தமான மதிப்புள்ள உரிமைகள், ஷரீஅத் அவற்றைப் பாதுகாக்கிறது, அவற்றில் அத்துமீறல் கூடாது என்று அது தீர்மானித்தது. நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி, அறிந்தே இவ்வுரிமையை மீறுபவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இத்தகைய பெட்டிகளில் செயலிகளை ஏற்றி விற்பதைப் பகுதிநேரத் தொழிலாகக் கொண்டுள்ள நம் இளைஞர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இன்னும் சிலர் சாமர்த்தியமாக வேறொரு வாதம் வைக்கின்றனர். “சினிமாவே ஹராம். ஹராமுக்கு என்ன மதிப்பு? மதிப்பற்றதை எடுத்தால் அது எப்படித் திருட்டாகும்?” முஸ்லிமின் கையிலுள்ள மதுவுக்கு ஷரீஅத்தில் மதிப்பில்லை என்று ஃபிக்ஹ் நூல்கள் கூறுவது உண்மையே. ஆனால் மதிப்பில்லாததால் அதை எடுத்துக் குடித்துக்கொள்ளலாம் என்று எந்த ஃபகீஹும் கூறியதில்லையே! ஹராம் என்று நம்புகிறவர் பார்க்காமல் விலகட்டும். ஹராம் என்று சொல்லிக்கொண்டே இலவசமாகப் பார்ப்பவர் ஒரு பாவத்தைக் காட்டி இன்னொரு பாவத்துக்குச் சான்றிதழ் கேட்கிறார்.

“அவை கோடிகளில் புரளும் நிறுவனங்கள், அதுவும் நம்மவர்களுடையவை அல்ல” என்பது அடுத்த வாதம். மக்கத்துக் குறைஷிகள் நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட இரவிலும், அவர்கள் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் திருப்பித் தருவதற்காக அலீ (ரழி) அவர்களை ஊரில் நிறுத்திவிட்டே நபியவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்டார்கள். கொல்ல வந்தவனின் பொருளுக்கே அந்தப் பாதுகாப்பு. கிரிக்கெட் ஒளிபரப்புகிறவனின் பொருளுக்கு மட்டும் வேறு சட்டமா?

உள்ளே என்ன இருக்கிறது?

ஐந்தாம் நிபந்தனைக்கு வருவோம். வாங்கும் பொருள் அறியப்பட்டதாக இருக்க வேண்டும். இந்தப் பெட்டிக்குள் இருப்பதை நாம் அறிவோமா?

2024 டிசம்பரில் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்புத் துறை, ‘பேட்பாக்ஸ்’ என்னும் தீநிரல் தொற்றிய ஏறத்தாழ 30,000 கருவிகளின் தொடர்பைத் துண்டித்தது. அந்த நிரல் கடைக்கு வரும் முன்பே கருவியில் ஏற்றப்பட்டிருந்தது. அதன் அடுத்த வடிவமான ‘பேட்பாக்ஸ் 2.0’ குறித்து அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் பொது எச்சரிக்கை விடுத்தது. மறு மாதமே கூகுள் நிறுவனம், ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் தொற்றுக்குள்ளானதாகக் கூறி, இதை நடத்துவோர்மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. இவற்றில் விலை மலிந்த ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிப் பெட்டிகளே முதன்மையாகப் பேசப்பட்டன.

தொற்றிய பெட்டி என்ன செய்யும்? நீங்கள் உறங்கும்போதும் விளம்பரங்களைத் தானே சொடுக்கி மோசடிப் பணம் ஈட்டும். உங்கள் வீட்டு இணைய முகவரியை முகமறியாத குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விடும். எங்கோ ஒருவன் செய்யும் மோசடிக்கு உங்கள் வீட்டு இணைப்பே தடயமாக நிற்கும். வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் ஊர், உறவு, ஜமாஅத் என்று எத்தனை விசாரிக்கிறோம்! இங்கோ யாரென்றே தெரியாதவனுக்கு வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு உறங்கச் செல்கிறோம்.

பெட்டியின் மேல் ஒட்டிய தாளும் பல நேரம் பொய் பேசுகிறது. ‘4கே’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். ஆனால் முறையான சான்று பெறாத பெட்டியில், ஒழுங்காகச் சந்தா கட்டிப் பார்க்கிற சேவைகள்கூடப் பெரும்பாலும் மங்கலான தரத்திலேயே ஓடும். உயர்தரப் படத்தைத் திறப்பதற்கான பாதுகாப்புச் சாவி அந்தப் பெட்டியில் இல்லாததே காரணம். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டதும், நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்டதும், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் நாம் அறிந்த ஹதீஸே. மேலே ‘4கே’ என்ற காய்ந்த தானியம், அடியில் ஈரம்.

கேபிள் விற்பவரின் தராசு

பெட்டியோடு முடிவதில்லை. “தங்க முலாம் பூசிய எச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டால்தான் படம் பளிச்சென்று இருக்கும்” என்று சொல்லிப் பல மடங்கு விலைக்கு விற்கும் வழக்கமும் உண்டு. எச்.டி.எம்.ஐ. வழியே செல்வது எண்மக் குறிகை. அது சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாகத் தெரியும். சேராவிட்டால் புள்ளிகள் மின்னும் அல்லது திரை இருண்டுவிடும். விலை கூடியதால் நிறம் கூடுவதில்லை. நம் உப்புக் காற்றில் முனை விரைவில் துருவேறாமல் இருக்கத் தங்க முலாம் ஓரளவு உதவலாம். ஆனால் படத்தை அழகாக்கும் என்பது பொய்.

கேட்க வேண்டியது கேபிளின் வகையை. சாதாரண முழு எச்.டி. தொலைக்காட்சிக்கு ‘ஹை ஸ்பீடு’ கேபிளே போதும். நொடிக்கு 60 சட்டங்கள் ஓடும் 4கே படத்துக்கு, 18 கிகாபிட் வேகம் தாங்கும் ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ வேண்டும். 48 கிகாபிட் தாங்கும் ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையே இல்லை. 2006 முதல் அரசு வழங்கிய பழைய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை இன்னும் வைத்திருப்போருக்கு எச்.டி.எம்.ஐ. துளையே கிடையாது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகளுக்கு மாற்றித் தரும் சிறு கருவி வேண்டும். அதில் எந்த 4கேயும் தெரியாது என்பதையும் விற்பவர் சொல்லியாக வேண்டும்.

அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என்று தொடங்கும் ‘அல்முதஃப்ஃபிஃபீன்’ அத்தியாயம் படிக்கல்லை மட்டும் பேசவில்லை. வாங்குபவரின் அறியாமையைத் தராசில் ஏற்றி விலை வைப்பதும் அதே மோசடிதான். மின்னணுக் கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கு இது கசக்கலாம். கசந்தாலும் மருந்து மருந்துதான்.

அப்படியானால் வழி என்ன?

முதலில், பெட்டி தேவையா என்று பாருங்கள். அண்மையில் வாங்கிய ஸ்மார்ட் தொலைக்காட்சியில் யூடியூப் உள்ளேயே இருக்கும். அதற்கு மேல் ஒரு பெட்டி வாங்குவது வீண்விரயம்.

தேவையென்றால், அறியப்பட்ட நிறுவனத்தின் பெட்டியை ரசீதோடு வாங்குங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். ‘பிளே புரொடெக்ட்’ பாதுகாப்பை நிறுத்தச் சொல்லும் பெட்டியையும், அறியாத இடத்திலிருந்து செயலியை இறக்கச் சொல்லும் பெட்டியையும் அப்பொழுதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ‘எல்லாம் இலவசம்’ பெட்டியை இணையத்திலிருந்து துண்டித்து அப்புறப்படுத்துங்கள். அதை வேறொருவருக்கு விற்காதீர்கள். நமக்கு ஆகாதது அவருக்கு மட்டும் எப்படி ஆகும்?

சந்தா கட்ட வசதியில்லை என்பது குறையன்று. மக்கா, மதீனா நேரலையும் தமிழ் பயான்களும் யூடியூபில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தூர்தர்ஷனின் ‘டிடி ஃப்ரீ டிஷ்’ மாதக் கட்டணமின்றி ஒளிபரப்புகிறது. இவை உரியவர்களே மனமுவந்து தரும் இலவசம். உரியவர் தரும் இலவசமும், உரிமையில்லாதவன் அள்ளித் தரும் இலவசமும் ஒன்றாகா.

நம் குழந்தைகளுக்கு வேண்டியும் இதைச் சொல்கிறோம். மதரஸாவில் ‘பிறர் பொருளை அனுமதியின்றித் தொடக்கூடாது’ என்று பாடம் கற்று வீடு திரும்பும் பிள்ளை, கூடத்தில் வாப்பா அந்தப் பெட்டியை இயக்கி, “பைசா செலவில்லாமல் பார்க்கலாம்” என்று பெருமையோடு சொல்வதைக் கேட்கிறது. உஸ்தாதின் பாடம் ஒரு மணி நேரம். வாப்பாவின் பாடம் நாள் முழுவதும். எது அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் நிலைக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் மறுமையில் விசாரிக்கப்படும் என்று திருமறை எச்சரிக்கிறது. பிள்ளைகளின் பார்வைக்கு முன் நாம் எதை வைத்தோம் என்று பெற்றோராகிய நாமும் விசாரிக்கப்படுவோம்.

நம் இல்லங்களுக்குள் ஹலாலானதை மட்டும் நுழையச் செய்து, அதில் பரக்கத்தையும் நிறைவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.