அழைப்பிதழும் அழகெழுத்தும்

அன்பர் ஒருவர் இல்லத் திருமண அழைப்பிதழ் சில திங்களுக்கு முன் நமக்கு வந்தது. கையால் எழுதியனபோன்ற ஆங்கில எழுத்துகள் பொன்னிறத்தில் கொடியெனப் படர்ந்திருந்தன. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் மண்டபத்தின் பெயரும் தெருவும் அதே எழுத்தில் இருந்தமையால், ஒன்றை மற்றொன்றாகப் படித்து நாம் அலைந்தோம். போய்ச் சேர்வதற்குள் மங்கல நாண் பூட்டி முடிந்துவிட்டது.

அவ்வெழுத்தின் பெயர் ஸ்நெல் ரவுண்ட்ஹேண்ட். சற்றேறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் எழுத்துக்கலை பயிற்றிய சார்லஸ் ஸ்நெல் என்பாரின் கைவண்ணத்தை அடியொற்றி, மாத்யூ கார்ட்டர் 1966இல் இதனை அமைத்தார். இறகுப் பேனாவைக் கீழ்நோக்கி அழுத்தி இழுத்தால் கோடு தடிக்கும். மேல்நோக்கி மெல்ல எடுத்தால் மயிரிழையாகும். அந்த ஏற்ற இறக்கமே இதன் அழகு.

ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் தனிக் கட்டையில் நின்றது. சாய்ந்த எழுத்தின் வால் கட்டைக்கு வெளியே நீண்டால் முறிந்துவிடும். ஒளியச்சுக்கோப்பு வந்தபின் அத்தளை நீங்கியது. அம்முறைக்கென்றே கார்ட்டர் இதனை வரைந்தார். எழுத்துகள் கைகோத்து நடந்தன. இன்று ஆப்பிள் கணினிகளில் இது உடன் வருகிறது.

எளிதிற் கிடைப்பதனாலேயே அளவறிந்து ஆளவேண்டும். மணமக்கள் பெயருக்கு இவ்வெழுத்து பொருந்தும்; பெரிதாகவும் சுற்றிலும் வெற்றிடம் விட்டும் அமைத்தல் நலம். நாள், நேரம், இடம் ஆகியவற்றுக்கு நேரான எளிய எழுத்தே வேண்டும். சிறிதாக அச்சிட்டால் மயிரிழைக் கோடுகள் மறையும். சொல் முழுவதையும் பெரிய எழுத்துகளால் அமைத்தலும் தகாது. அவை சொல்லின் தலைப்பில் தனித்து நிற்பதற்கென வரையப்பட்டவை. ஒன்றையடுத்து ஒன்றாக நிறுத்தினால் சுருள்கள் மோதிக்கொள்ளும்.

தமிழுக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். தமிழெழுத்துகள் ஒன்றோடொன்று இணைவன அல்ல, தனித்தனியே நிற்பன. ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டில் பேனா தரும் தடிப்பும் மெலிவும் இல்லை. அவற்றை ஆங்கிலம்போல் சாய்த்து வளைத்தால் ஊரிலுள்ள பெரியோர்க்கும் புரியாது. இங்கே இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் புரியாது.

நாம் ஒன்று சொல்வோம். இல்லத்தில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், ஒரு வெள்ளைத் தாளில் மணமக்கள் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதனை அப்படியே படமெடுத்து அச்சிடுதல் இன்று எளிது. கை சற்று நடுங்கியிருந்தால் என்ன? ஸ்நெல்லின் கையை நாம் கண்டதில்லை. நமக்கு அரிச்சுவடி எழுதிக் காட்டிய கையை நாம் அறிவோம். அப்பெயர்களை அந்தக் கை எழுதி, பேரப்பிள்ளைகள் படிக்கட்டும்.