ஒலியும் உழைப்பும்

ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். கல்லூரியில் சேர்ந்த நாள் முதல், "வீடு எங்கே?" என்று யார் கேட்டாலும் "மாட்டுங்கா" என்பேன், அத்தோடு நிறுத்திக்கொள்வேன். மாட்டுங்கா என்றால் காப்பி மணமும் கோயில் மணியும் படித்த தமிழர் குடியிருப்பும் கேட்பவர் நினைவுக்கு வரும். 'லேபர் கேம்ப்' என்னும் பின்பாதியை நான் விழுங்கிவிடுவேன். அந்தப் பின்பாதியில்தான் என் வீடு இருக்கிறது. தாராவியின் தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்த என் தாத்தா குடியேறியதும் அங்கேதான்.

விழுங்கிய சொல்லை வெளியே எடுக்க வைத்தது ஒரு சின்னஞ்சிறு பெட்டி.

என் பெரியப்பா மகன் மெல்லிசைக் குழுவில் மின்சார கிதார் வாசிக்கிறார். காலால் மிதித்து இயக்கும் 'பெடல்' ஒன்று அவருக்கு வேண்டும். கிதாரின் ஒலியைக் குளத்து நீரில் ஆடும் நிலவைப் போல் அலைய வைக்கும் பழைய பாணிப் பெடல். கையால் செய்து விற்பவர்கள் உண்டு. விலையோ அண்ணனின் பல கச்சேரிக் கூலி. "நீ பௌதிகம் எம்.எஸ்ஸி. படிக்கிறாயே தம்பி, செய்து கொடேன்" என்றார். ஒத்துக்கொண்டேன். எழுதிக் கூட்டத் தெரிந்தவனுக்குச் செய்யவும் தெரியும் என்று நம்பியது என் பேதைமை.

அந்தப் பெட்டியின் கதை சுவையானது. 1968-ஆம் ஆண்டு ஜப்பானில் 'ஷின்-எய்' நிறுவனம் 'யூனி-வைப்' என்ற கருவியைச் செய்தது. வடிவமைத்தவர் ஃபூமியோ மியேடா. மாஸ்கோ வானொலி கடல் கடந்து ஜப்பானுக்கு வரும்போது நெளிந்து, தேய்ந்து, மீண்டும் வளர்ந்து கேட்குமாம். வானின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் வெவ்வேறு வழிகளில் வந்து ஒன்றோடொன்று மோதுவதால் விளைவது அது. மற்றவர்கள் இரைச்சல் என்று ஒதுக்கியதை மியேடா இசை என்று கேட்டார். நமக்கு அது புதிதா? சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடிக்கத் தாத்தா முள்ளைத் திருகிக்கொண்டே இருப்பாராம். பாட்டு நெருங்கி வருமாம், விலகிப் போகுமாம். அதே அலை! அவர்கள் கேட்டு ஏங்கினார்கள். மியேடா கேட்டுக் கருவி செய்தார். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அந்தக் கருவியோடு வாசித்தார். உலகம் செவி சாய்த்தது.

உள்ளே இருப்பது என்ன? நடுவில் ஒரு சிறு இழை விளக்கு. சுற்றிலும் ஒளி பட்டால் மின்தடை குறையும் நான்கு காட்மியம் சல்பைடு கண்கள். விளக்கு மூச்சு விடுவதுபோல் மங்கிப் பிரகாசிக்கும். கண்கள் அதைக் கண்டு கிதார் அலையின் கட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்தும். நகர்ந்த அலையை மூல அலையோடு கலந்தால் 'கோரஸ்'. நகர்ந்ததை மட்டும் கேட்டால் சுருதி ஏறி இறங்கும் 'வைப்ரேட்டோ'. வீணையில் விரல் செய்யும் அசைவை இங்கே விளக்கு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழை சட்டென்று அணையாது. கண்களும் வெளிச்சத்துக்கு விரைவாகவும் இருளுக்கு மெதுவாகவும் பதில் சொல்லும். அதனால் அந்த அலை ஒரே சீராக இராது. உயிருள்ள மார்பைப்போல் விம்மித் தணியும். குறை என்று சொல்லத்தக்க அந்தத் தாமதமே அதன் அழகு!

இவ்வளவும் தாளில் எழுதிவிட்டேன். லாமிங்டன் ரோடில் உறுப்புகளும் வாங்கிவிட்டேன். சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தேன். ஈயம் ஒட்டாமல் உருண்டையாக நின்றது. ஒருவாறு ஒட்டி முடித்தால், பெட்டி பாடவில்லை, முனகியது.

வெட்கத்தோடு எங்கள் சந்தில் ரேடியோவும் மிக்சியும் பழுது பார்க்கும் அண்ணாச்சியிடம் போனேன். எட்டாம் வகுப்போடு நின்றவர். இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். "நாலு கண்ணும் சேர்ந்து முழிக்கல தம்பி, ஒண்ணு தூங்குது" என்றார். நான் வாங்கி வைத்திருந்த இருபது கண்களையும் ஒவ்வொன்றாகக் கையால் மூடித் திறந்து, மல்டிமீட்டரில் பார்த்து, ஒத்துப்போகும் நான்கைப் பொறுக்கினார். ஒளி சிந்தாமல் இருக்கப் பழைய பவுடர் டப்பாவை வெட்டி விளக்குக்கு மூடி செய்தார். என் ஒட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, "இப்போ நீங்க வையுங்க" என்று அயர்னை என் கையில் கொடுத்தார். மூன்றாம் நாள் மாலை, லேபர் கேம்பில் அந்த அலை எழுந்தது.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "எம்.எஸ்ஸி. படிப்பவன் மெக்கானிக் முன்னால் போய் நிற்பதா?" நான் திருப்பிக் கேட்கிறேன்: நிற்கக் கூசுவது ஏன்? கருத்தால் உழைப்பவன் மேல், கையால் உழைப்பவன் கீழ் என்று எவனோ வகுத்த படிக்கட்டு பிறப்பிலே தொடங்கிப் பட்டத்திலும் தொடர்கிறது. அந்தப் படிக்கட்டில் அடிபட்டுத்தான் நம் முன்னோர் ஊரை விட்டு வந்தனர். அவர்கள் பேரர்கள் நாம் இங்கே அதே படிக்கட்டைக் கட்டுவதா? சோதனைக் குறிப்பேட்டை முந்தைய ஆண்டுக்காரரிடம் வாங்கிப் பார்த்து எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் ஒருவன்.

"குடிநீருக்கு வரிசையில் நிற்கும் இடத்தில் கிதார் பெட்டி எதற்கு?" என்பாரும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பெடல் செய்யும் கையே குழாயையும் சீராக்கும், மின்மானியையும் சீராக்கும். பிழைப்புக்கும் அதில் வழி உண்டு: இதே மும்பையில் 'அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன்' என்னும் சிறு நிறுவனம் கிதார் பெடல் செய்தே பெயர் பெற்றிருக்கிறது. அண்ணாச்சியின் காதும் நம் கணக்கும் சேர்ந்தால் நம் சந்தில் அது முடியாதா?

சங்கச் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். முத்தமிழ் விழாவில் பேச்சுக்குப் பரிசு உண்டு, கவிதைக்குப் பரிசு உண்டு. கையால் செய்த கருவிக்கும் ஒரு பரிசு வையுங்கள். நடுவர் நாற்காலியில் பேராசிரியர் ஒருவரும் அண்ணாச்சி போன்ற ஒருவரும் அருகருகே அமரட்டும். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட வேண்டாம்; மதிப்பெண் போடச் சொல்லுங்கள்.

அந்த மேடையில் அண்ணன் இந்தப் பெடலோடு வாசிப்பார். செய்தவர் யார் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது அண்ணாச்சியின் பெயரை முதலில் சொல்லுங்கள். என் பெயரையும் சொல்வதானால், விலாசத்தை முழுதாகச் சொல்லுங்கள்: மாட்டுங்கா லேபர் கேம்ப்.