அச்சிட்டவர் பேர் என்ன?

தேர்தல் வந்தால் போஸ்டரைப் பார்க்காத ஆள் கிடையாது. அதன் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்குமே, அதைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டில் முதலில் படிப்பதே அதைத்தான். அப்பா சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறார். "பட்டாசுக்கு மட்டுமாடா சட்டம்? மைக்கும் இருக்கு" என்பார்.

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127-ஏ. தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்துப் போட்டு, அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சாட்சி போட்ட உறுதிமொழியை இரண்டு பிரதி வாங்கிக்கொண்டுதான் அடிக்க வேண்டும். நம்ம ஊரில் அடித்தால் உறுதிமொழியில் ஒன்றும், நோட்டீஸில் ஒரு காப்பியும் கலெக்டருக்குப் போகணும். தவறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

ஒரு தேர்தலில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தர் வந்து, "பேர் எதுவும் வேண்டாம், டபுள் ரேட் தர்றேன்" என்றாராம். முதலாளிக்குச் சபலம். அப்பா மிஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த வாரச் சம்பளத்தில் கை வைத்தார்கள் என்பது தனிக் கதை.

பத்திரிகை, புத்தகத்துக்கு இந்தப் பேர் வரி வெள்ளைக்காரன் காலத்து 1867 சட்டத்தில் இருந்தது. யாரைப் பிடிப்பது என்று தெரியத்தான் போட்டிருப்பான்! 2024 மார்ச் 1-ல் அந்தச் சட்டம் போய், பத்திரிகைகளுக்கு ஆன்லைன் பதிவு வந்துவிட்டது. எப்படியானாலும் பேர் வரியை நான் ஆதரிக்கிறேன். பேர் போடப் பயப்படுகிறவன் சொல்வதை நாம் ஏன் நம்பணும்?

ஆனால் அடிக்கும் முன்பே தடுப்பது வேறு சங்கதி. 1994-ல் ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை 'நக்கீரன்' வெளியிட இருந்தபோது, சிறைத்துறை ஐ.ஜி. அது கூடாது என்று கடிதம் அனுப்பினார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. முன்கூட்டியே தடை போட அரசுக்கும் அதிகாரிகளுக்கும் அதிகாரம் இல்லை, அவதூறு என்றால் வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும் என்று அக்டோபர் 7-ல் தீர்ப்பு. அதே தீர்ப்பு தனிமனிதனின் அந்தரங்கத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. பேர் போடு, பிறகு பதில் சொல். எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

இப்போது ஓட்டுக்கு முந்தின ராத்திரி செல்போனில் படம் படமாக வருகிறது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, அடியில் எதையோ தேடிக்கொண்டிருப்பார்.