பூட்டு பலவீனமானால் நுழையலாமா?



கோவை ஆர்.எஸ்.புரத்தில் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. உக்கடத்திலிருந்தும் கோட்டைமேட்டிலிருந்தும் கரும்புக்கடையிலிருந்தும் நம் பிள்ளைகள் அங்கே படிக்கப் போகிறார்கள். அத்தாவின் கடையை மட்டுமே நம்பியிருந்த சமுதாயம் சாஃப்ட்வேர் பக்கம் திரும்புவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவர்களில் சிலருக்கு 'ஹேக்கிங்' என்ற சொல்லின் மீது ஒரு மயக்கம். அடுத்தவன் பாஸ்வேர்டை உடைத்துக் காட்டினால் வீரமாம்! கேட்டால், "எதையும் திருடவில்லையே, திறந்துதானே பார்த்தேன்" என்கிறார்கள்.

பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்பது அந்நூர் அத்தியாயத்தில் நமக்கு இடப்பட்ட கட்டளை. பூட்டு பலவீனமாக இருந்தது என்பது நுழைந்தவனுக்குச் சாக்காகுமா? நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆவது பிரிவின்படி, உரியவரின் அனுமதியின்றி அவரது கணினிக்குள் நுழைந்தாலே நஷ்டஈடு கட்ட வேண்டும். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்படியானால் இந்தக் கலையே கூடாதா? யார் சொன்னது! சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையாவைப் பாருங்கள். பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கு இன்ஸ்டாகிராம் ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பும். அது 10 நிமிடம் செல்லும். சாத்தியமான எண்கள் மொத்தம் 10 லட்சம். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப முயன்றால் தடுக்கும் காவல் இருந்தது. பல முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் முயன்றபோது அந்தக் காவல் தோற்றது. ஆயிரம் முகவரிகளிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பி அவர் இதை நிரூபித்தார். யாருடைய கணக்கை வேண்டுமானாலும் கைப்பற்றக் கூடிய ஓட்டை அது. அவர் அதை விற்கவில்லை. குறை கண்டு சொல்வோருக்குப் பரிசு என்று பேஸ்புக் நிறுவனம் அறிவித்திருந்த திட்டத்தின்படி அவர்களிடமே தெரிவித்தார். 2019-இல் 30,000 டாலர் கிடைத்தது. 2021-இல் இதே போன்ற ஒரு குறைக்காக மைக்ரோசாஃப்ட் 50,000 டாலர் கொடுத்தது. பணத்தை விடுங்கள். இனி எந்த நிறுவனமும் அவரை வாசலில் நிறுத்தி, "நீ யார்?" என்று கேட்குமா?

நம்மைக் கேட்பார்கள், சகோதரனே! 1998 பிப்ரவரி 14 அன்று ஆர்.எஸ்.புரம் உட்பட இந்த நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் பறிபோயின. அந்தக் கொடுமையோடு எந்தத் தொடர்பும் இல்லாத நம் பிள்ளைகள் வாடகை வீட்டுக்கும் வேலைக்கும் பெயரைச் சொல்லத் தயங்கிய நாட்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. இது அநீதிதான்; மறுக்கவில்லை. ஆனால் அடுத்த தெருப் பையன் விளையாட்டுக்குச் செய்ததாக முடிந்துவிடும் ஒரு காரியம், உன் பெயரோடு சேரும்போது விளையாட்டாக முடியாது. உன்னோடு உன் தெருவே விசாரிக்கப்படும்.

திறமை இருந்தால் போதுமே என்பாய். அண்ணல் நபி (ஸல்) அவர்களை மக்கத்து மக்கள் 'அல் அமீன்' என்று அழைத்தது நபித்துவத்துக்கு முன்பே அல்லவா! பகைமை முற்றி, கொல்லத் திட்டமிட்ட நேரத்திலும் அவர்களின் பொருட்கள் நபியவர்களிடமே அமானிதமாக இருந்தன. ஹிஜ்ரத் புறப்பட்டபோது அவற்றைத் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். நீ வேலை செய்யும் கம்ப்யூட்டரில் இருக்கும் பிறரது கணக்கும் போன் நம்பரும் புகைப்படமும் அதே அமானிதம்தான். அதேபோல, நான்கு வாரப் பயிற்சியில் வாங்கிய சான்றிதழைக் காட்டி, தெரியாத வேலையைத் தெரியும் என்று ஒப்புக்கொள்வதும் நிறுவையில் மோசடிதான். நெட்வொர்க்கையும் புரோகிராமிங்கையும் அடிப்படையிலிருந்து படி, ஆண்டுகள் ஆகட்டும்.

வணிகப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. திருட்டு சாஃப்ட்வேரில் கடைக் கணக்கை ஓட்டிக்கொண்டு மகனுக்கு ஹலால் பற்றிப் பேசுவது எடுபடாது. அடுத்த கடைக்காரரின் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துத் தரச் சொல்லி எந்தப் பையனையும் தூண்டாதீர்கள். உங்கள் பில்லிங் கம்ப்யூட்டர் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க, நன்கு படித்த நம் பையன் ஒருவனைக் கூப்பிடுங்கள். எதை எதைச் சோதிக்கலாம், எந்தத் தேதி வரை என்று கடையின் லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவன் கையில் கொடுங்கள். வேலை முடிந்ததும், "நம்ம பையன்தானே" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடாமல், பேசிய கூலியைக் கொடுங்கள்.